பத்தி லேபிளில் என் பீச்சாங்கை

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. ஒரு வாக்கியம் இன்னொன்றோடு ஒட்டாது, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன், பாதி மறந்தும் போச்சு. தாளில் அங்கங்கே மை இழுத்துப் பூசின மாதிரி இருக்கும். அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும், என் கை போகிற வாக்கு அப்படி.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நடந்தது மைசூரில், தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலை நேரம். எனக்குக் கல்யாணமாகிச் சில மாசம்தான். நான் ஹனூர்ப் பக்கம் பிறந்தவள். அப்போது ஹனூர், கொள்ளேகால் எல்லாம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, அதனால் நான் படித்தது தமிழ். மைசூருக்கு வந்து பார்த்தால் கடைப் பலகையெல்லாம் கன்னடம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். கன்னடம் என் காதுக்குக் கொஞ்சம் தெரியும், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியாது.

எங்கள் வீட்டுக்காரர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். மண்டி மொகல்லாவில் ஒரு வட்டாரத்தில், அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நான் வழி தெரியாமல் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். "எழுத்தை விடு, படத்தப் பாரு" என்றார். அப்போதெல்லாம் கடைக்கு வெளியே படம் இருக்கும். கண்ணாடிக் கடையில் கண் கொட்டாமல் பார்க்கிற பெரிய மூக்குக் கண்ணாடி. பல் டாக்டர் வாசலில் ஈறோடு சேர்ந்த பல்வரிசை, பார்த்தாலே பயமாக இருக்கும். தையல்காரருக்குக் கத்தரி. செருப்புக் கடையில் ஆளுயரத்துக்கு ஒரு பூட்ஸ். அதில் பாதி அவர் கையால் வரைந்ததுதான். மார்க்கெட் போய்விட்டு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுவார். "பூட்ஸோட மூக்கு எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தச் சந்துக்குள்ள போனா பிரஸ்ஸு" என்பார்.

என் பேத்தி இப்போது பெங்களூரில் விஷுவல் கம்யூனிகேஷன் என்று ஒரு படிப்புப் படிக்கிறாள். அது என்னடி படிப்பு என்று கேட்டேன். படம் வரைவது, போட்டோ பிடிப்பது, விளம்பரம் செய்வது, சினிமா எடுப்பது, எழுத்துக்கு அழகாக உருவம் கொடுப்பது, அச்சுப் பக்கத்தை அமைப்பது எல்லாம் அதில் வருமாம். "வாயால சொல்லாம கண்ணுக்குச் சொல்றது, அவ்வளவுதான் பாட்டி" என்றாள். அட, அந்தப் பூட்ஸும் பல்வரிசையும் எனக்குச் சொன்னது அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிரஸ் என்றேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கல்லச்சு பிரஸ் ஒன்று இருந்தது. ஊதுபத்திக் கட்டுக்கு ஒட்டுகிற லேபிள்தான் அங்கே முக்கிய வேலை. எங்கள் வீட்டுக்காரரை அங்கே ஆர்ட்டிஸ்டாகச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் தசரா வரைக்கும்தான். முதல் லேபிள் பாஸானால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். கிளம்பினால் எங்கே போவது? ஹனூரில் என் மூத்த கொழுந்தனார், அதாவது இவருடைய அண்ணன் வீட்டுக்குத்தான். "படம் போட்டு எவன்டா சோறு தின்னான்? வந்து மாட்டைப் புடி" என்று அவர் ஏற்கெனவே ஆள்விட்டுச் சொல்லியாயிற்று. எங்கள் வீட்டுக்காரருக்கு மாட்டைக் கண்டால் வரையத்தான் தெரியும், பிடிக்கத் தெரியாது.

கல்லச்சில் ஒரு சங்கடம் உண்டு. வழவழவென்று தேய்த்த கல்லில் மசிப் பென்சிலால் வரைந்து, மை தடவி, மேலே தாளை வைத்து அழுத்துவார்கள். கல்லில் வலப்பக்கம் இருப்பது தாளில் இடப்பக்கம் விழும். உள்ளங்கையில் மருதாணியால் ஒரு எழுத்தை எழுதி, காய்வதற்குள் மறு கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், தெரியும். அதனால் கல்லில் எல்லாவற்றையும் திருப்பித்தான் வரைய வேண்டும். பிரஸ் மேஸ்திரி வாணியம்பாடிப் பக்கத்து பாய். முதல் நாளே அவர் இவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, "தம்பி, இனிமே இதுதான் உனக்கு வாத்தியார். இதுல பாத்தா சரியா தெரியணும், கல்லுல பாத்தா தப்பா தெரியணும்" என்றாராம்.

போர்டு எழுதிய கைக்கு எழுத்தைப் பற்றித்தான் கவலை. வீட்டுச் சுவர் முழுக்கக் கரித்துண்டால் கன்னட எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதிப் பழகினார். பக்கத்து வீட்டில் ஒரு குடகுக்கார அக்கா இருந்தார், அவர் புருஷர் போலீஸில் வேலை. அக்காவுக்குத் தமிழும் கன்னடமும் கலந்து வரும். சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உன் கண்டன் மாந்திரீகம் பண்றானா? எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டா புடிச்சிட்டுப் போயிடுவாரு" என்று சிரித்தார். கண்டன் என்றால் புருஷன்.

லேபிள் கேட்டவர் ஒரு பத்திக் கம்பெனிக்காரர். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார், கண்டிப்பானவர். பிரஸ்ஸில் எல்லோரும் அவரை சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமாள் படம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பத்தி தீர்ந்ததும் காகிதத்தைக் கிழித்துத் தெருவில் போடுவார்கள், பெருமாள் மேல் நாலு பேர் கால் படும், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார். சினிமாக்காரி மாதிரி படமும் ஆகாது. குடும்பப் பெண் ஒருத்தி ஒரு கையில் மணி ஆட்டி, மறு கையில் பத்தி காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். "என் பத்தியை வாங்கறவாள்ல பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. அவாளுக்குப் படம்தான் பேரு. கிளி பத்தி கொடு, ரோஜா பத்தி கொடுன்னுதான் கேப்பா. அதனால படம் மனசுல நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இதற்கு முன் வேறு எங்கோ போட்ட லேபிளில் மணியும் பத்தியும் கை மாறிப்போயிருந்ததாம். அத்தனையையும் எரிக்கச் சொல்லிவிட்டார் என்று பாய் சொல்லி வைத்திருந்தார்.

மாடலுக்கு யார் போய் நிற்பது? அந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பெண் நிற்பாள்? எங்கள் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டு சுற்றி வந்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். "முடியவே முடியாதுங்க" என்றேன்.

குடகு அக்கா விடவில்லை. "ஏனம்மா நாச்சிகே? உன் புருஷன் உன்னைப் பாக்கறதுக்கு நாச்சிகேயா?" என்றார். நாச்சிகே என்றால் வெட்கம். மணியையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டேன். மூஞ்சி என் மூஞ்சியாக இருக்கக் கூடாது. "சரி, மூஞ்சியக் காலண்டர்லருந்து எடுத்துக்கறேன்" என்றார் அவர். எனக்கு அதுவும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

கதவோரம் வெளிச்சத்தில் நின்றேன். மைசூருக்கு வந்த பிறகு எல்லோரையும் போல முந்தானையை இடது தோளில் போடப் பழகியிருந்தேன். அப்படியே கட்டிக்கொண்டு ஒரு கையில் மணி, ஒரு கையில் புகைகிற பத்தி. இடுப்புக்கு மேல்தான் வரைந்தார், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கையும் சேர்த்துக்கொண்டார். புடவை மடிப்பை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். என் கை வலித்தது, பத்திச் சாம்பல் விரலில் விழுந்தது, அசையவில்லை. தாளை அவர் திருப்பிக் காட்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அதை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பீச்சாங்கைக்காரி. எங்கள் பக்கம் இடது கையைப் பீச்சாங்கை என்போம், வலது கை சோத்தாங்கை. சின்ன வயதில் அந்தக் கையில் வாங்கின அடிக்குக் கணக்கில்லை. அம்மா கரண்டியால் போடுவாள், வாத்தியார் பிரம்பால் போடுவார். சாப்பிடுவதற்கும் எழுதுவதற்கும் சோத்தாங்கையைப் பழக்கிவிட்டார்கள். மற்றபடி யாரும் பார்க்காதபோது எல்லாம் பீச்சாங்கைதான். கல்யாணமான புதிதில் நான் கோலம் போடுவதை அவர் பார்த்துவிட்டார். கையை முந்தானைக்குள் மறைத்தேன். "கோலம் நேராத்தான வந்திருக்குது? அப்புறம் எந்தக் கையா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் எந்தக் கையை நீட்டினாலும் அவர் கண்ணில் படவே இல்லை. அதுதான் வினையாயிற்று.

அந்தக் காலையில் அவர் கிளம்பும்போது, "இன்னிக்கு சாமி வந்து ப்ரூஃப் பாக்கறாரு. பாயும் ஊர்லருந்து வந்துருவாரு" என்றார். பாய் உறவுக்காரர் கல்யாணத்துக்காக வாணியம்பாடி போயிருந்தார். அவர் இல்லாத நாட்களில்தான் இவர் கல்லில் வரைந்து முடித்திருந்தார். சீக்கிரம் வேலையை முடித்து அவரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ஆசை.

நான் மணியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்பில் சாதம் வைத்திருந்தார். "எப்படி நின்னேன்னு காட்டிட்டுத்தான் போகணும்" என்று ஒரு பத்தியை எடுத்து நீட்டினார். நானும் விளையாட்டாக நின்று காட்டினேன். அக்கா முதலில் கை தட்டிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுபோச்சு.

"இப்படியேவா நின்னே?"

"ஆமாங்க்கா."

"அய்யோ, எடகை!"

எடகை என்றால் இடது கை. குனிந்து பார்த்தேன். மணி சோத்தாங்கையில், பத்தி பீச்சாங்கையில். நெருப்பு இருக்கிற சாமான், ஜாக்கிரதையாகப் பிடிக்க வேண்டியது என்று என்னுடைய கெட்டிக்காரக் கை தானாக வாங்கிக்கொண்டிருக்கிறது. யோசிக்கிறதுக்கு அதற்கு நான் வேண்டியதில்லை. அப்படியே அவர் வரைந்திருக்கிறார். சாமிக்குப் பீச்சாங்கையால் பத்தி காட்டுகிற குடும்பப் பெண்! அந்த ஐயங்கார் பார்த்தால் லேபிளையும் எரிப்பார், வேலையையும் எரிப்பார். என் கையால் எங்கள் வீட்டுக்காரர் மாடு மேய்க்கப் போகப்போகிறார்.

"ஓடு, அச்சுப் போடறதுக்கு முன்னால சொல்லு" என்றார் அக்கா. "நீங்களும் வாங்க்கா" என்றேன். "குழந்தை தூங்குது, அடுப்புல சாதம் இருக்கு, நான் எப்படி வர? படம் பாத்துப் போவியே, போ!" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

மைசூரில் நான் தனியாகத் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். மூக்குக் கண்ணாடி வந்தது. சரி. பல்வரிசை வந்தது. சரி. அன்றைக்கு அதைப் பார்த்தால் என்னைப் பார்த்து இளிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பூட்ஸ் வந்தது. தெருவின் குறுக்கே நீட்டிக்கொண்டு தொங்குகிற பலகை. பூட்ஸின் மூக்கு எந்தப் பக்கமோ அந்தச் சந்து. விறுவிறுவென்று நுழைந்துவிட்டேன்.

போய்ப் பார்த்தால் பிரஸ்ஸைக் காணோம். ஜட்கா வண்டிகள் நிற்கின்றன, குதிரைகள் கொள்ளு தின்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், பலகையின் ரெண்டு பக்கமும் அவர் ஒரே மாதிரி பூட்ஸை வரைந்திருந்தார். நான் எப்போதும் மார்க்கெட் பக்கத்திலிருந்து வந்து பார்த்தவள். அன்றைக்கு வீட்டுப் பக்கத்திலிருந்து வந்ததால் பலகையின் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன். மூக்கு எதிர்ச் சந்தைக் காட்டிவிட்டது.

ஒரு ஜட்காக்காரர், வயசானவர், "யாரு பேக்கம்மா?" என்று கேட்டார். யார் வேண்டும் என்கிறார். எனக்குக் கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. ஒரு உள்ளங்கையை விரித்து, மறு உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தி, தூக்கிக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடியும் அழுத்திக் காட்டினேன். "ஓ, ப்ரெஸ்ஸா?" என்று சிரித்துவிட்டு, சாட்டையால் எதிர்ச் சந்தைக் காட்டினார். பேத்தியிடம் இதைச் சொன்னபோது, "பாட்டி, அதுவும் எங்க பாடத்துல வருது" என்றாள். வரட்டும். அன்றைக்கு எனக்குப் பாடம் போலத் தெரியவில்லை, மானம் போகிற மாதிரி இருந்தது.

பிரஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே போகாமல் கதவோரம் நின்றேன். பாய் கல்லின் மேல் குனிந்து நின்றார், இன்னொரு பக்கம் எங்கள் வீட்டுக்காரர் தாளை வைத்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றார். பாய் சத்தம் வராமல் திட்டிக்கொண்டிருந்தார்.

"எழுத்தெல்லாம் திருப்பி எழுதினியே, படத்தை யாருடா தம்பி திருப்புவா, உன் மாமனாரா? விளக்கு தாள்லயும் இந்தப் பக்கம், கல்லுலயும் இந்தப் பக்கம்! அப்ப அச்சுல என்ன ஆகும்? பத்தி பீச்சாங்கைக்குப் போயிரும். அந்தச் சாமி நம்ம ரெண்டு பேரையும் அடுப்புல வெச்சிருவாரு!"

நடந்தது இதுதான். எழுத்தைத் திருப்ப வேண்டும் என்று சுவர் முழுக்கப் பழகினவர், படத்தையும் திருப்ப வேண்டும் என்பதை மறந்தே போனார். மூஞ்சிக்கும் புடவைக்கும் என்ன வலம் இடம் என்று தாளில் இருந்ததைப் பார்த்து அப்படியே கல்லில் வரைந்துவிட்டார். பாய் விளக்கைப் பார்த்ததும் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பத்தி எந்தக் கையில் இருக்கிறது என்று அந்த அவசரத்தில் அவரும் பார்க்கவில்லை. பீச்சாங்கையால் சாமிக்குப் பத்தி காட்டுகிற ஒருத்தி உலகத்தில் இருப்பாள் என்று யார்தான் நினைப்பார்கள்?

எனக்கு இதெல்லாம் அப்போது புரியவில்லை. பீச்சாங்கை என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் தப்பில்லை, என் கைதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது. ஐயங்கார் குடையை மடக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். "எடுங்கோ, பார்க்கலாம்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

கல்லைத் தேய்த்து மறுபடி வரைய நேரம் ஏது? பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே மை தடவினார். தாளை வைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்றினார், தேருக்குக் கட்டை போட்ட மாதிரி அது மெதுவாகத்தான் நகர்ந்தது. பாய் தாளை உரித்து, தான் பார்க்காமலே ஐயங்கார் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐயங்கார் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"பேஷ்! மணி இடது கையில, தூபம் வலது கையில. சாஸ்திரம் தெரிஞ்சு போட்டிருக்கான்! யாருப்பா, நீதானா?"

பாய் சட்டென்று திரும்பினார். எங்கள் வீட்டுக்காரர் தாளை எட்டிப் பார்த்தார். தப்பான கையோடு நான் நின்றேன், திருப்பாமல் அவர் வரைந்தார். ரெண்டு தப்பும் கல்லில் ஒன்றோடொன்று முட்டிச் சரியாகப் போயிருக்கிறது. ஆனால் இதை அவர்கள் புரிந்துகொள்வதற்குள் ஐயங்கார் புருவத்தைச் சுருக்கினார்.

"ஆனா இதென்ன, முந்தானை வலது தோள்ல கிடக்கு?"

கை சரியாகிவிட்டது, புடவை மாறிவிட்டது! என் இடது தோள் முந்தானை அச்சில் வலது தோளுக்குப் போய்விட்டது. பாய் கூரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். ஐயங்கார் தாளை மடியில் வைத்துவிட்டார். அந்த மடியில் வைத்த விதம் நன்றாக இல்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. தினம் காலையில் பார்க்கிற குடகு அக்கா கண் முன்னால் நின்றார், வலது தோளில் புடவையை இழுத்துக் குத்தின ஊசியோடு.

"கொடகுல அப்படித்தானுங்க கட்டுவாங்க" என்றேன்.

மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள். நான் பிற ஆண்பிள்ளை ஒருவரோடு பேசிய முதல் பேச்சு அது. ஐயங்கார், "யாரு இது?" என்றார். "நம்ம ஆர்ட்டிஸ்டு சம்சாரம், சாமி" என்றார் பாய்.

ஐயங்கார் மறுபடி தாளை எடுத்தார். "குடகா?" என்று யோசித்தார். "மடிக்கேரிக் கடைக்காரன் வரச்சேல்லாம் எங்க ஊர்க்காராளுக்குன்னு ஒரு படம் போடக் கூடாதான்னு பிராணனை எடுப்பான். இவன் சொல்லாமலே போட்டுட்டான். இருக்கட்டும், அங்கே காபித் தோட்டத்துல நன்னாப் போகும். இதையே அடிங்கோ."

எழுந்தவர் பையிலிருந்து ஒரு கட்டுப் பத்தியை எடுத்து, "இந்தாம்மா, ஆத்துல ஏத்து" என்று என்னிடம் நீட்டினார். சந்தோஷத்தில் எது முன்னால் போகும்? பீச்சாங்கைதான் போயிற்று. பாய் இருமினார். பாதி வழியில் கையை இழுத்துச் சோத்தாங்கையால் வாங்கிக்கொண்டேன். பாய் கண்ணை இடுக்கி என் கையைப் பார்த்தார். அப்புறம் எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த பழைய தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஐயங்காரின் ஜட்கா சந்து திரும்பினதுதான் தாமதம், காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"தம்பி, உன் சம்சாரம் கல்லுக்குன்னே பொறந்த பொண்ணுடா! நீ திருப்பாதே, அவளே திரும்பித்தான் இருக்கா!"

வேலை நிலைத்தது. ஹனூர் மாட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது, நான் எப்படி வந்தேன் என்று அவர் கேட்டார். பூட்ஸ் கதையைச் சொன்னேன். நடுத்தெருவில் நின்று சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏணி வைத்து ஏறி, பலகையின் ஒரு பக்கத்துப் பூட்ஸைத் திருப்பி வரைந்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்தத் தசராவில் பொருட்காட்சிக்குப் போனோம். ஐயங்கார் கடை முன்னால் நல்ல கூட்டம். எழுத்துத் தெரியாத ஒரு அம்மாள் லேபிளைத் தொட்டுக் காட்டி, "ஈ கொடகம்மா பத்தி கொடி" என்று கேட்டார், இந்தக் குடகு அம்மா பத்தியைக் கொடுங்கள் என்கிறார். கூட வந்தவர், "பாரு, கையில எப்படி லட்சணமா புடிச்சிருக்கா, உனக்கு வருமா?" என்று அவரைச் சீண்டினார். நான் முந்தானையில் கையை மறைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குடகு அக்கா மட்டும் அந்தக் கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக் கிள்ளினார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் என் பீச்சாங்கையை நான் ஒளித்ததில்லை. எழுதக்கூட மெதுவாக அந்தக் கைக்கே மாறிக்கொண்டேன். இதையும் அதால்தான் எழுதுகிறேன், அதனால்தான் எழுதின மையின் மேலேயே கை போய் இழுத்துவிடுகிறது. என் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஏதாவது தப்பாகச் செய்தால் உடனே கையை ஓங்க எனக்கு வராது. பலகையின் மறுபக்கம் போய் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

விவரமெல்லாம் சரியா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கொள்ளேகால் அப்போது கோயமுத்தூர் ஜில்லாதானே? கல்லில் வரைவது மசிப் பென்சில்தானா, அதற்கு வேறு பேர் உண்டா? அச்சு வேலை தெரிந்தவர்கள் இருந்தால் திருத்திவிடுங்கள். அந்த லேபிள் எங்கள் வீட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், முந்தானையை வலது தோளில் போட்டுக்கொண்டு பத்தி காட்டுகிற ஒருத்தி கிடைத்தால், அவளைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். மூஞ்சி என்னுடையது இல்லை, கை என்னுடையதுதான்.